ஐந்தாவது நகத்தை எடுப்பதா, விடுவதா?

ராஜபாளையம் குட்டி வாங்க வரும் கல்லூரிப் பையன்கள் இப்போதெல்லாம் தாய் நாயைக் காட்டச் சொல்வதில்லை. "டியூக்ளா எடுத்தாச்சாண்ணே?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். ஏதோ ஒரு வீடியோவில் முன்னங்கால் வழவழவென்று இருந்ததைப் பார்த்திருப்பார்கள். சிலருக்கு வீட்டு நெருக்கடி: "எங்க காலத்துல மூணாம் நாளே எடுத்துருவோம், நீ என்ன புதுசா?" போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பையன் ஒருவன் துள்ளித் திரிந்த குட்டியை விட்டுவிட்டு, நகம் எடுத்திருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக நோஞ்சான் குட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். அவனைப் போன்றவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

டியூக்ளா என்று அவர்கள் கேட்பதும் ஐந்தாவது நகம் என்று நான் சொல்வதும் ஒன்றுதான்: காலின் உட்புறத்தில், சும்மா நிற்கும்போது தரையில் படாமல் இருக்கும் கட்டைவிரல் நகம். பின்னங்காலில் அது இருக்கும் குட்டிகள் குறைவு. இருந்தாலும் பெரும்பாலும் எலும்புப் பிடிப்பில்லாமல் தோலில் ஆடிக்கொண்டிருக்கும். அப்படி ஆடுவதை மருத்துவரிடம் காட்டி எடுத்துவிடலாம், தகராறு இல்லை. (பிரான்சின் பைரனீஸ் மலை நாய்க்குப் பின்னங்காலில் இரட்டை நகம் இருந்தே ஆகவேண்டும் என்பது இன இலக்கணம். ஊருக்கு ஊர் அழகு மாறுகிறது.)

முன்னங்கால் விஷயம் வேறு. அங்கே இருப்பது வெறும் நகமல்ல. எலும்பும் மூட்டும் தசைநாரும் உள்ள முழு விரல். நாய் நாலுகால் பாய்ச்சலில் போகும்போது மணிக்கட்டு தாழ்ந்து, அந்த விரல் மண்ணைத் தொடும். சட்டென்று திரும்புகையில் அதுதான் பிடிமானம். மலையடிவாரத்து மாந்தோப்பில் காட்டுப்பன்றியை விரட்டும் நாய்க்கு இதன் அருமை தெரியும். வேட்டைக்கென்றே உருவான இனத்தின் காலில் கைவைத்துவிட்டு, நாய் முன்போல ஓடவில்லையே என்றால் எப்படி?

மூன்றாம் நாளில் பிளேடால் அறுத்து மஞ்சள் அப்புவதைப் பெருமையாகச் சொல்பவர்களை இந்த ஊரில் நிறையப் பார்த்திருக்கிறேன். பச்சைக் குட்டிக்கு வலி தெரியாது என்பார்கள். தெரியும், கத்துகிறதே! தாய் நக்க நக்கப் புண் ஆறாது, சீழ் பிடித்தால் மூன்று நாள் குட்டி தாங்காது. முள்ளில் மாட்டிக் கிழியும் என்பது அவர்களுடைய அடுத்த வாதம். கிழிவதுண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது பெரும்பாலும் வெட்டாமல் கொக்கிபோல் வளரவிட்ட நகத்துக்கு வருகிற வினை. தாண்டுதல், வளைதல் போட்டிகளில் ஓடும் நாய்களைப் பற்றி அமெரிக்காவில் 2018ல் வெளியான ஒரு கருத்தாய்வில், விரல் காயம் அதிகம் கண்டவற்றில் இரண்டு வகை நாய்கள் இருந்தன: முன்னங்கால் ஐந்தாவது நகம் இல்லாதவை, நகம் நீளமாக விடப்பட்டவை. எடுக்காதே, வெட்டு என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

வளர்ந்தபின் கருத்தடையோடு சேர்த்து எடுத்துவிடலாம் என்று யோசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒட்டிய வயிறும் கொழுப்பில்லாத உடம்பும் கொண்ட வேட்டை நாய்களுக்குத் தயோபென்டோன் போன்ற மயக்க மருந்து தெளிய நேரமாகும். கிரேஹவுண்டில் நன்றாகத் தெரிந்த விஷயம் இது. நம் நாய்க்கும் அதே உடல்வாகு. நகம் பிளந்து, திரும்பத் திரும்பப் புண்ணாகிறது என்றால் எடுக்கத்தான் வேண்டும். அப்போதும் மருந்தைப் பற்றி மருத்துவரிடம் முதலில் பேசுங்கள்.

என் வீட்டு நாய்கள் எல்லாமே ஐந்து நகத்தோடு வளர்ந்தவை. எலும்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக் கடிப்பதைப் பார்த்துப் பழகியவன் நான். ஆகவே நடுநிலைமையை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

விட்டுவிடுவது என்று முடிவெடுத்தால் வேலை உண்டு. தரையில் தேயாத நகம் சுருண்டு சதைக்குள் இறங்கும். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை வெட்ட வேண்டும். வெள்ளை நாயில் இது சுலபம்: நகம் பெரும்பாலும் வெளிறியிருக்கும், வெளிச்சத்தில் உள்ளே ரோஜா நிறத்தில் ரத்த நாளம் தெரியும், அதற்கு முன்னால் நிறுத்திக்கொள்ளலாம். எட்டு வாரக் குட்டி வீட்டுக்கு வந்த அன்றிலிருந்தே பாதத்தைத் தொட்டுப் பழக்குங்கள். ஒரு நாளில் படியாது, ஒரு மாதத்திலும் படியாமல் போகலாம். இந்த நாய் வைத்திருப்பவர்களைவிட இதை வைத்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் குறைவு. 2005ல் தபால்தலையில் வந்தது, 2020ல் பிரதமர் வானொலியில் பேர் சொன்னார் என்பதற்காக வாங்கிக் கட்டிப்போடுகிறவர்களுக்கு இந்தப் பொறுமை வருவதில்லை. நாயின் காலைப் பிடித்து உட்கார நேரமில்லாதவன் வேறு ஏதாவது வளர்க்கலாம். அதில் அவமானம் ஒன்றுமில்லை. வீட்டில் நெருக்குகிறார்களே என்பவர்களுக்கு: அப்பா சொன்னார் என்று படிப்பை எடுப்பதும் அப்பா சொன்னார் என்று நகத்தை எடுப்பதும் எனக்கு ஒரே ஜாதிதான்.

குட்டி பார்க்கப் போகும்போது நகத்தைவிட முக்கியமான சோதனை ஒன்று இருக்கிறது. பால் வெள்ளையும் ரோஜா மூக்குமான இந்த இனத்தில் பிறவிச் செவிடு உண்டு. குட்டிக்குப் பின்னால் நின்று, அதன் கண்ணில் படாமல் கைதட்டிப் பாருங்கள். நகம் எடுத்த குட்டி என்று கூடுதல் விலை சொன்னால் அடுத்த வீட்டுக்குப் போங்கள். ராஜபாளையத்தில் குட்டிக்குப் பஞ்சமில்லை.