கண் கண்டதும் மனம் கொண்டதும்

சனிக்கிழமைச் சிறப்பு வகுப்பு முடிந்த நேரம். நல்ல மழை. வராந்தாவில் ஒரே நெரிசல். அன்று தோழி ஒருத்தியின் குடை காணாமற் போயிற்று. "சிவப்புத் தாவணி அணிந்தவள்தான் எடுத்தாள், கண்ணாரக் கண்டோம்" என்று நாங்கள் மூவரும் அடித்துச் சொன்னோம். திங்களன்று குடையைக் கொண்டு வந்தவளோ வேறொருத்தி! தன் குடை என்று மாற்றி எடுத்துவிட்டாளாம். அவள் அணிந்திருந்தது மஞ்சள் தாவணி. சிவப்புத் தாவணிக்காரி அருகில் நின்றவள் மட்டுமே. நாங்கள் பொய் சொல்லவில்லை. பின் எங்கே தவறினோம்? உளவியல் இதற்கு விடை கூறுகிறது.

கரும்பலகையைப் பார்த்துவிட்டு நோட்டில் எழுதும் அந்தச் சில விநாடிகள் பார்த்ததைத் தாங்கி நிற்பது செயல் நினைவு. அது மிகச் சிறிய பெட்டி. அதில் எவ்வளவு அடங்கும்?

1997-இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீவன் லக், எட்வர்ட் வோகல் என்னும் அறிஞர்கள் இதனை ஆராய்ந்தனர். திரையில் சில வண்ணச் சதுரங்களை விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரமே காட்டினர். ஏறத்தாழ ஒரு விநாடி இடைவெளிக்குப் பின் மீண்டும் காட்டி, "நிறம் ஏதேனும் மாறியதா?" என வினவினர். மூன்று சதுரங்கள் வரை ஏறக்குறைய அனைவரும் சரியாகவே கூறினர். நான்கிலிருந்து தவறுகள் பெருகின.

அடுத்து நிறமும் சாய்வும் கொண்ட கோடுகளைக் காட்டினர். நான்கு கோடுகள் என்றால் நினைவில் கொள்ள வேண்டியவை எட்டு அன்றோ? சுமை இரட்டிக்கும் என்றுதான் நாம் எண்ணுவோம். ஆனால் திறன் குறையவில்லை! நிறம், சாய்வு, அளவு, இடைவெளி என ஒவ்வொன்றிலும் நான்கு இயல்புகள் இருந்தபோதும் நிலைமை அதுவே. உதிரிப் பூக்களைக் கையில் அள்ளினால் சிந்தும். சரமாகத் தொடுத்தால் ஒரு விரலில் தொங்கும். அதுபோல, இயல்புகள் ஒரே பொருளில் சேர்ந்திருந்தால் மனம் அவற்றை ஒன்றாகவே ஏந்துகிறது என்று அவர்கள் முடிவு கட்டினர்.

ஆயினும் இதற்கும் எல்லை உண்டு. ஒரே பொருளில் இரண்டு நிறங்கள் இருந்தால் அந்தச் சலுகை கிட்டுவதில்லை என்பதை 2002-இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. அவற்றுள் ஒன்று மேரி வீலர், ஆன் ட்ரெய்ஸ்மன் ஆகியோருடையது. எந்த நிறம் எந்த வடிவத்துக்கு உரியது என்னும் பிணைப்பைக் காக்கக் கவனம் வேண்டும் என்றும் அவர்கள் எடுத்துரைத்தனர். கவனம் சிதறினால் நாரிலிருந்து பூ நழுவும். ஒன்றின் நிறம் மற்றொன்றின் வடிவத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். இத்தகைய பொய்ப் பிணைப்புகளை ட்ரெய்ஸ்மன் 1982-லேயே ஆய்வில் கண்டிருந்தார்.

எங்கள் தவறும் இதுவாகத்தான் இருக்க வேண்டும். சிவப்பு உண்மை; குடையும் உண்மை. இரண்டையும் இணைத்த முடிச்சுதான் பொய்!

இதிலிருந்து நாம் கற்பது யாது? நிலப்படம் வரையும்போது ஒரே பார்வையில் பத்து இடங்களை அள்ள முயலாமல், மூன்று மூன்றாக எடுத்துக்கொள்வோம். ஆற்றின் பெயரை ஓரத்தில் எழுதாமல் ஆற்றின் மேலேயே எழுதுவோம். யாரையேனும் குற்றம் சாட்டுமுன், "கண்டேன்" என்பதை ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பார்ப்போம்.

அந்தச் சிவப்புத் தாவணித் தோழியிடம் மன்னிப்புக் கேட்டோம். அவள் சிரித்தாள், ஆனால் இரண்டு நாள் எங்களோடு சாப்பிட வரவில்லை. உளவியல் ஏட்டைவிட அந்த இரண்டு நாட்களே எங்களுக்கு அதிகம் கற்பித்தன.