வெள்ளத்துக்கு நிரூபணம் வேண்டுமா?

முடிச்சூரில் வீடு பார்த்திருக்கிறோம். நீரோட்டத்துக்கான நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடுகளுக்கு ஒழுங்கான தீர்வு உண்டா என்றே தெரியாதாமே! பிறகு வெள்ள முன்னறிவிப்பை எப்படி நம்புவது?
– ஒரு வாசகி, மேற்குத் தாம்பரம்

தாராளமாக நம்பலாம், அம்மா. கணித மேதைகளின் தலைவலி வேறு. முப்பரிமாணத்தில் சீராகத் தொடங்கும் ஓட்டம் கடைசிவரை சீராகவே இருக்குமா, அல்லது எங்கோ ஒரு புள்ளியில் வேகம் எல்லையில்லாமல் எகிறிவிடுமா என்பதுதான் அவர்கள் கேள்வி. சற்றுத் தளர்த்திய பொருளில் தீர்வு உண்டு என்று 1934-இல் கணிதவியலாளர் லெரே காட்டினார். அது சீரானதா என்பதில்தான் சிக்கல். இரு பரிமாணத்தில் கதை முடிந்துவிட்டது. முப்பரிமாணத்துக்கு 2000-இல் கிளே கணித நிறுவனம் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்தது.

உங்கள் பகுதியின் அடையாற்று வெள்ளக் கணக்குக்கு அந்தப் பரிசு தேவையில்லை. ஆழம் முழுக்கச் சராசரி எடுத்து, ஊரைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, கணினியில் தோராயமாகப் போடுகிறார்கள். பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடலோர ஆராய்ச்சி மையத்தின் ‘சி-ஃப்ளோஸ்’ என்ற வெள்ள எச்சரிக்கை அமைப்பு, எந்த வார்டில் தண்ணீர் நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்லவே உருவானது. அங்கே பிழை வந்தால் பெரும்பாலும் மழை அளவிலும் தரைமட்ட அளவிலும்தான் வரும்; லெரே மேல் பழி போட முடியாது!

2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியது. முடிச்சூர் மூழ்கியது. ஆகவே முன்பணம் கொடுக்குமுன், மனையில் பழைய வாய்க்கால் ஓடியதா என்று கிராம வரைபடத்தைப் பார்த்துவிடுங்கள்.