தாய்சேய் நலமும் கைப்பேசியும்: மொழியின் பங்கு

முன்னுரை

தாய்மையைப் போற்றாத சமயமும் இல்லை. தாயைப் பாடாத இலக்கியமும் இல்லை. எனினும், வறிய குடும்பத்துத் தாய் ஒருத்தி மகப்பேற்றின்போது உயிர் துறப்பதைத் தடுக்க அப்போற்றுதல் மட்டும் போதாது. 2018-20ஆம் ஆண்டுகளுக்கான மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 97 தாய்மார் இறந்தனர். தமிழ்நாட்டில் அவ்வெண் 54 ஆகும். இவ்விறப்புகளுள் பெரும்பாலானவை தவிர்க்கக்கூடியவை என்பர் மருத்துவ அறிஞர். அவற்றைத் தவிர்ப்பதில் கைப்பேசியும் கணினிப் பதிவும் எவ்வாறு துணைநிற்கின்றன, அத்துணை பயன்பட மொழி ஆற்றவேண்டிய பணி யாது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

மூன்று தாமதங்கள்

மகப்பேற்று இறப்பிற்கான காரணங்களை ஆராய்ந்த செரீன் தாடியஸ், டெபோரா மெயின் என்னும் இருவர், 1994இல் அவற்றை மூன்று தாமதங்களாக வகுத்துக் காட்டினர். ஆபத்தை உணர்ந்து மருத்துவமனைக்குச் செல்ல முடிவெடுப்பதில் நேரும் தாமதம் முதலாவது. அங்குச் சென்று சேர்வதில் நேர்வது இரண்டாவது. சேர்ந்தபின் உரிய சிகிச்சை கிடைப்பதில் நேர்வது மூன்றாவது. அன்றாடக் கூலியை நம்பி வாழும் குடும்பம் இம்மூன்றிலும் இடர்ப்படுகிறது. ஒருநாள் மருத்துவமனைக்குச் சென்றால் ஒருநாள் கூலி போகும்; வண்டிக்கும் பணம் வேண்டும்; இறுதி முடிவோ பெரும்பாலும் கணவர் அல்லது மாமியாரின் கையில் இருக்கும்.

கருவிகள் செய்யும் பணி

தமிழ்நாட்டில் கருவுற்ற தாய்மாரைக் கணினியில் பதிந்து பின்தொடரும் பிக்மி முறை 2008இல் தொடங்கப்பெற்றது. பதிவு செய்த தாய்க்கு 12 இலக்க எண் ஒன்று வழங்கப்படுகிறது. பரிசோதனை, தடுப்பூசி, மகப்பேறு ஆகியவை அவ்வெண்ணின்கீழ்ப் பதியப்படுகின்றன. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்தொகை பெறவும் அவ்வெண் தேவை. பரிசோதனைக்கு வராத தாய் யார் என்பதைக் கிராம சுகாதார செவிலியர் அறிந்து வீடு தேடிச் செல்ல இப்பதிவு வழிசெய்கிறது. அதே 2008இல் வந்த 108 அவசர ஊர்தி, கட்டணமில்லா ஓர் அழைப்பால் இரண்டாவது தாமதத்தைக் குறைத்தது.

முதல் தாமதத்தைக் குறைப்பது அறிவு. அதனைத் தரும் முயற்சிகளுள் ஒன்று கில்காரி. பீகாரில் தோன்றி, 2016 ஜனவரியில் மைய அரசின் திட்டமாக விரிந்த இது, கருவுற்ற நான்காம் மாதம் முதல் குழந்தைக்கு ஓராண்டு நிறையும்வரை, வாரம் ஒன்றாக 72 ஒலிச்செய்திகளைத் தாயின் கைப்பேசிக்கு அனுப்புகிறது. டாக்டர் அனிதா என்னும் கற்பனைப் பாத்திரம் அன்புடன் பேசும் முறையில் இச்செய்திகள் அமைந்துள்ளன. எழுத்துச் செய்தியை விடுத்து ஒலியைத் தேர்ந்தமை ஈண்டு நோக்கத்தக்கது. எழுத்தறியாத தாய்க்கும் செவி உண்டன்றோ?

சொல்லின் இடம்

செவியில் விழும் சொல் எத்தகையது என்பதே அடுத்த வினா. 'முன்சூல்வலிப்பின் அறிகுறிகளைக் கவனிக்க' என்று ஒலித்தால், கேட்பவள் ஒன்றும் அறியாள். 'தலை விடாம வலிக்குதா? கண்ணு மங்கலாத் தெரியுதா? முகம், கையெல்லாம் வீங்கியிருக்கா? இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கம்மா' என்றால் உடனே எழுவாள். இரத்தசோகை என்பதினும் 'ரத்தம் கம்மி' என்பதும், உயர் இரத்த அழுத்தம் என்பதினும் 'பிரஷர்' என்பதும் அவள் அறிந்தவை. கருவுற்றிருத்தலை 'முழுகாம இருக்கா' என்பாரும் 'மாசமா இருக்கா' என்பாரும் உளர். கலைச்சொல்லாக்கம் நூலுக்கு இன்றியமையாதது; உயிர் காக்கும் செய்திக்கோ வழக்குச்சொல்லே உரியது.

சொல்லேயன்றிச் சூழலும் கருதத்தக்கது. ரமலான் மாதத்தில், நோன்பினால் தனக்கோ குழந்தைக்கோ தீங்கு நேருமென அஞ்சும் கருவுற்ற தாய்க்கு மார்க்கம் சலுகை அளித்துள்ளது. அதனை அறியாமலோ, பிறர் என்ன நினைப்பரோ என்று தயங்கியோ உடல் நலிந்த நிலையிலும் நோன்பிருக்கும் பெண்ணுக்கு, அச்சலுகையை நினைவூட்டி மருத்துவரைக் காணச் சொல்லும் செய்தி பெருந்துணையாகும். மக்களின் வாழ்க்கையை அறிந்தோரே இத்தகைய செய்தியை எழுத இயலும்.

கருவியின் எல்லை

இக்கருவிகளின் குறைகளையும் நாம் மறைத்தல் தகாது. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தாமே பயன்படுத்தும் கைப்பேசி உடைய பெண்கள் நாட்டில் 54 விழுக்காட்டினரே. எஞ்சியோர்க்கு வரும் அழைப்பு கணவரின் சட்டைப்பையில் ஒலித்து ஓய்ந்துவிடக்கூடும். மத்தியப் பிரதேசத்தில் கில்காரியை ஆராய்ந்தோர், கருத்தடை முறைகளைக் கைக்கொள்வதில் ஓரளவு உயர்வு கண்டனர். குழந்தைக்கு உணவூட்டும் பழக்கத்திலோ அத்தகைய மாற்றத்தைக் காணவில்லை. கேட்டதனாலேயே பழக்கம் மாறிவிடாது என்பது இதனால் பெறப்படும். ஆகவே செய்திகள் கணவரையும் மாமியாரையும் விளித்துப் பேசுதல் வேண்டும்; செவிலியரின் நேர்ச்சொல்லும் உடன்சேர வேண்டும். மூன்றாவது தாமதத்தை நீக்க வல்லவை மருத்துவரும், குருதி வங்கியும், அறுவை அரங்குமே. மகப்பேற்றுக்குப் பின் உதிரம் பெருகும் தாய்க்குக் கைப்பேசி குருதி தராது.

முடிவுரை

மேற்கண்டவற்றால், கருவி தாயின் வாசல்வரை செல்லும் என்பதும், உள்ளே நுழைய அவள் மொழி வேண்டும் என்பதும் புலனாகும். இங்கே தமிழ் பயிலும் மாணவர்க்கு ஒரு கடமை உண்டு. தத்தம் ஊர்ப் பெண்கள் கருவுறுதல், நோய், வலி, உதிரப்போக்கு ஆகியவற்றிற்கு வழங்கும் சொற்களைத் தம் அன்னையரிடமும் பாட்டியரிடமும் கேட்டுத் தொகுக்கலாம். அத்தொகுப்பை அப்பகுதிச் செவிலியரிடம் காட்டித் திருத்தம் பெறலாம். செய்தி உருவாக்குவோர்க்கு அதனை வழங்கலாம். வட்டார வழக்காய்வு என நாம் வகுப்பில் பயில்வது, ஒரு தாய் உரிய நேரத்தில் மருத்துவமனைக்குப் புறப்படத் துணைசெய்யுமாயின், அக்கல்வி பயனுடைய கல்வியாகும்.