டிஸ்கஸ் மீன் முட்டை பொரிக்க மழைநீர் சேமியுங்கள்

வீட்டுத் தொட்டியில் டிஸ்கஸ் மீன் வளர்ப்போர் பலரும் சொல்லும் குறை ஒன்று உண்டு. மீன் நன்றாக வளர்கிறது, ஜோடி சேர்கிறது, முட்டையும் இடுகிறது. ஆனால் இரண்டு நாளில் முட்டைகள் வெளுத்துப் பூசணம் பிடித்து விடுகின்றன. தீவனத்தை மாற்றியும் மருந்து ஊற்றியும் பணம் விரயமாவதே மிச்சம். குறை பெரும்பாலும் தண்ணீரில் இருக்கிறது.

டிஸ்கஸ் தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் படுகையைச் சேர்ந்தது. அங்குள்ள நீரில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. சற்றே அமிலத் தன்மை உண்டு. காவிரியின் கடைமடையில் கடலோரமாக உள்ள காரைக்காலிலோ பல இடங்களில் நிலத்தடி நீர் உவர்ப்பாகவும் கடினமாகவும் இருக்கிறது. வளர்ந்த மீன் இத்தகைய நீருக்கு ஓரளவு பழகிக் கொள்ளும். முட்டைக்கு அது ஒத்துக் கொள்ளாது. கடின நீரில் சினையாகும் முட்டைகள் மிகவும் குறைந்து விடும்.

இதற்குச் செலவில்லாத வழி வடகிழக்குப் பருவ மழை. 100 சதுர அடி கூரையில் 1 செ.மீ. மழை பெய்தால் சுமார் 90 லிட்டர் நீர் கிடைக்கும். 300 சதுர அடி மாடித் தளம் உள்ளவர்களுக்கு 4 செ.மீ. மழையில் 1,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி நிறைந்து விடும். முதல் மழையைத் தளம் கழுவ விட்டு விட வேண்டும். சிமெண்ட் தொட்டியில், குறிப்பாகப் புதிய தொட்டியில், சேமித்தால் சுண்ணாம்பு கரைந்து மழைநீரும் கடின நீராகி விடும்.

ஒரு ஜோடிக்கு நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் 45 செ.மீ. உள்ள கண்ணாடித் தொட்டி போதும். இது சுமார் 90 லிட்டர் கொள்ளும். தினமும் கால் பங்கு நீர் மாற்றினாலும் சேமித்த நீர் ஏறத்தாழ 40 நாள் வரும். மழைநீரை மட்டும் தனியாக ஊற்றக் கூடாது. அதன் அமில நிலை திடீரென்று மாறி மீனைத் தாக்கும். உவர்ப்பில்லாத கிணற்று நீரைச் சிறிதளவு கலக்க வேண்டும். கிணற்று நீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 800 மில்லிகிராம் என்று டி.டி.எஸ். மீட்டர் காட்டினால், அதில் 1 பங்குக்கு 7 பங்கு மழைநீர் சேர்த்தால் 100 அளவுக்கு இறங்கும். இந்த அளவு முட்டை பொரிக்க ஏற்றது. கார அமில நிலை 6 முதல் 6.5 வரை இருப்பது நல்லது. காய்ந்த நாட்டு வாதுமை இலை ஒன்றிரண்டைப் போட்டு வைப்பதும் உதவும்.

நல்ல நீர் கிடைக்கும் காலமே குளிர் காலமாகவும் இருப்பதுதான் தொல்லை. டிஸ்கஸ் மீனுக்கு 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும்; மார்கழி இரவில் ஹீட்டர் இல்லாமல் முடியாது. புயல் மழையில் மின்சாரம் நின்றால் ஹீட்டரும் காற்று பம்பும் சேர்ந்து நின்று விடும். 2018 நவம்பரில் கஜா புயல் தாக்கியபோது டெல்டா மாவட்டங்களில் பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பேட்டரியில் ஓடும் சிறு பம்பு ஒன்று கைவசம் இருக்கட்டும். தொட்டியைச் சுற்றித் தெர்மோகோல் அட்டை வைத்துக் கட்டினால் சூடு சட்டென்று இறங்காது.

ஆண், பெண் என்று பார்த்தவுடன் பிரித்தறிவது கடினம். ஆகவே 6 முதல் 8 இளம் மீன்களை ஒன்றாக வளர்த்து, தாமே சேரும் ஜோடியைப் பிரித்தெடுப்பதே நம்பகமான முறை. இரண்டு பெண் மீன்கள் ஜோடி போலச் சேர்ந்து முட்டையிடுவதும் உண்டு; அவை பொரிக்காது. நல்ல நீரிலும் முட்டை எல்லாம் வெளுத்தால் இதைச் சந்தேகிக்கலாம்.

முட்டையிட மண் சட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்தால் போதும். முட்டைகள் சுமார் இரண்டரை நாளில் பொரியும். மேலும் மூன்று நாளில் குஞ்சுகள் நீந்தத் தொடங்கும். இந்தக் கட்டத்தில் பலர் தவறு செய்கிறார்கள். குஞ்சுகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வேறு தொட்டியில் விடுகிறார்கள்; அவை பட்டினியால் சாகின்றன. தாய், தகப்பன் இரண்டின் உடலிலும் சுரக்கும் வழவழப்பான சளிப்படலம்தான் டிஸ்கஸ் குஞ்சின் முதல் உணவு. பால் கொடுப்பது போல் இரண்டும் முறை வைத்துக் குஞ்சுகளைச் சுமக்கும் காட்சி பார்க்கத் தக்கது. குஞ்சுகள் பெற்றோரைத் தேடி ஒட்டிக் கொள்ளும் வரை நீர்மட்டத்தைக் குறைத்து, இரவிலும் மங்கலான விளக்கு எரிய விட வேண்டும். நான்கைந்து நாள் கழித்து ஆர்ட்டீமியா குஞ்சுகளைச் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பழக்கலாம். இரண்டு, மூன்று வாரம் ஆன பிறகு பிரிப்பதே சரி.

புதிய ஜோடி முதல் சில தடவை தன் முட்டைகளைத் தானே தின்று விடும். அதைக் கண்டு ஜோடியை விற்று விட வேண்டாம். முட்டையைச் சுற்றிக் கம்பி வலை வைத்துப் பார்க்கலாம். எனினும் முதல் ஆண்டு வருமானத்தை நம்பிக் கடன் வாங்குவது புத்திசாலித்தனமல்ல. மீன் வளர்ப்பில் முன்பழக்கம் இல்லாத சிறு விவசாயி மோலி, கப்பி ஆகிய மீன்களில் தொடங்கலாம். இவை குஞ்சு போடும் இனம். காரைக்காலின் கடின நீர் இவற்றுக்கு இடையூறு அல்ல. கொல்லையில் வண்ண மீன் வளர்ப்போருக்கான அரசு உதவித் திட்டங்கள் பற்றி மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரித்துக் கொள்ளலாம். மழைநீர்த் தொட்டியை மட்டும் ஐப்பசி பிறக்கும் முன்பே கழுவி வைத்து விட வேண்டும்.