சிறு தோட்டத்தில் வண்ண வில்லோ

ஜப்பான், கொரியா பகுதிகளைச் சேர்ந்த ஒரு வில்லோ இனத்தின் அலங்கார வகை ‘ஹகுரோ நிஷிகி’. இன்று ஐரோப்பிய வீட்டுத் தோட்டங்களில் பரவலாக வளர்க்கப்படுகிறது. இளந்தளிர்கள் இளஞ்சிவப்பாகத் துளிர்த்து, வெண்மையும் பச்சையும் கலந்த இலைகளாக விரியும்.

• இடம்: காலை வெயிலும் பிற்பகல் நிழலும் ஏற்றவை. உச்சி வெயில் பட்டால் வெள்ளை இலைகளின் ஓரம் கருகும். ஈரம் தேடி வேர்கள் ஓடுவதால் கழிவுநீர்க் குழாய்களின் அருகில் நடக்கூடாது.

• நீர்: மண் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். மட்கிய இலை அல்லது மரப்பட்டைத் தூளால் மூடாக்கு இட்டால் ஈரம் நிற்கும். தொட்டிச் செடிக்குக் கோடையில் தினமும் நீர் தேவைப்படலாம்.

• கவாத்து: வண்ணம் புதுத் தளிர்களில்தான் அதிகம். எனவே குளிர்காலம் முடியும் தறுவாயில், மொட்டு விரியுமுன் கிளைகளை நன்கு வெட்டிவிட வேண்டும். வெட்டாமல் விட்டால் இரண்டு மீட்டருக்கு மேலும் வளரும்.

• களைய வேண்டியவை: முழுப் பச்சையாக வரும் கிளைகள் வேகமாக வளர்ந்து வண்ணக் கிளைகளை அமுக்கிவிடும், அவற்றை அடியோடு நீக்க வேண்டும். குடை வடிவ ஒட்டுச்செடியில், ஒட்டுக்குக் கீழே தண்டில் முளைப்பவற்றையும் கிள்ளிவிட வேண்டும்.

• புதுச் செடி: குளிர்காலத்தில் பென்சில் பருமனில் 20–25 செ.மீ. நீளத்துக்கு நறுக்கிய குச்சியை, மூன்றில் இரண்டு பங்கு ஈரமண்ணில் புதைத்தால் எளிதில் வேர்விடும்.