பால் போதுகிறதா? பிள்ளையின் துணியைப் பாருங்கள்



பிள்ளை பிறந்த மூன்றாம் நாளே, "பால் இல்லை, டின் பால் வாங்க உதவுங்கள்" என்று நம் அறக்கட்டளைக்கு வருகிற குடும்பங்கள் உண்டு. விசாரித்தால், பெரும்பாலும் தாயிடம் பால் இருக்கிறது. இல்லை என்ற பயம்தான் வீட்டில் இருக்கிறது. அல்குர்ஆன் (2:233) இரண்டு ஆண்டுகள் என்று கூறும் பாலூட்டல், முதல் வாரப் பயத்தில் நின்றுவிடக் கூடாது.

முதல் நாட்களில் மஞ்சள் நிறச் சீம்பால் கொஞ்சமே ஊறும். பிள்ளையின் சிறிய வயிற்றுக்கு அது போதும். பால் போதுகிறது என்பதற்கான அடையாளங்கள் இவை:

1. சிறுநீர்: முதல் நாள் ஒரு துணி, இரண்டாம் நாள் இரண்டு என நனைவது கூடிவரும். ஐந்தாம் நாளுக்குப் பின் தினம் ஆறு துணியாவது நனைய வேண்டும். நிறம் வெளிறியிருக்க வேண்டும்.

2. மலம்: முதலில் கறுப்பாகப் போகும். ஐந்தாம் நாளுக்குள் மஞ்சளாக மாறும்.

3. எடை: முதலில் சற்றுக் குறைவது இயல்பு. 3 கிலோ பிள்ளை 2.8 கிலோ ஆனால் பதற வேண்டாம், 2.7 கிலோவுக்குக் கீழே போனால் மருத்துவரிடம் காட்டுங்கள். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடை திரும்ப வேண்டும்.

4. குடிக்கும் விதம்: ஒரு நாளில் 8 முதல் 12 தடவை குடிக்கும். விழுங்கும் சத்தம் கேட்கும்.

மாலையில் அழுவதோ, அடிக்கடி பால் கேட்பதோ, மார்பு மென்மையாக இருப்பதோ மட்டும் குறைவின் அடையாளமல்ல. பிள்ளை குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும். தேவையின்றி டின் பால் கொடுத்தால் குடிப்பது குறையும், ஊறுவதும் குறையும். தேன், சர்க்கரைத் தண்ணீர் எதுவும் வேண்டாம். ஒரு வயதுக்கு முன் தேன் ஆபத்து.

ஆனால் பிள்ளை பாலுக்கு எழாமல் தூங்கிக்கொண்டே இருந்தாலோ, துணி நனைவது குறைந்தாலோ, வாய் உலர்ந்தாலோ, மஞ்சள் கை கால் வரை பரவினாலோ, காய்ச்சல் கண்டாலோ, காலைவரை காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வண்டி இல்லையென்றால் 108.

மருத்துவர் டின் பால் தேவை என்று சொன்னால், தயங்காமல் எங்களிடம் வாருங்கள். இன்ஷா அல்லாஹ் உதவுவோம். அதில் தாய்க்கு எந்தக் குறையும் இல்லை.

வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: "உனக்குப் பால் இல்லை" என்று அந்தப் பிள்ளைத்தாய்ச்சியிடம் சொல்லுமுன், நனைந்த துணிகளை எண்ணிப் பாருங்கள்.

வஸ்ஸலாம்.