ஒன்றேகால் ஏக்கர் தம்பிக்கு



நீ அனுப்பிய வாட்ஸ்அப் குரலை மூன்று முறை கேட்டேன். பின்னால் மோட்டார் ஓடுகிறது, அதற்கு மேலே கத்திப் பேசியிருக்கிறாய். "பெரியப்பா, இருக்கலாமா, திரும்பக் கம்பெனிக்கே போயிடலாமா? ஒரு முடிவு சொல்லுங்க." சொல்கிறேன். ஆனால் யாரிடம் கேட்கிறாய் என்று பார்த்துக்கொள். 1979-ல் ஐ.டி.ஐ. முடித்த கையோடு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறைக்குப் போனவன் நான். ஓடிப்போனவனிடம் வந்து நிற்கலாமா என்று கேட்கிறாய். ஒருவிதத்தில் சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறாய். ஏன் போகிறார்கள் என்பது போனவனுக்குத்தானே தெரியும்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சேற்றில் கால் வைக்கக் கூச்சம் என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். எனக்குச் சிரிப்புதான் வரும். பட்டறையில் மட்டும் பன்னீரா தெளித்தார்கள்? நின்ற காலில் எட்டு மணி நேரம், முகமெல்லாம் இரும்புத் தூள், சட்டையெல்லாம் எண்ணெய். வயல் சேறு ஒரு சொம்புத் தண்ணீரில் போய்விடும். நகக்கண்ணில் ஏறின எண்ணெய்க் கறை என் கல்யாணப் போட்டோவிலேயே தெரியும். நான் போனது 7-ம் தேதிக்காக. மாதா மாதம் 7-ம் தேதி கவர் கைக்கு வந்துவிடும். நெல் காசு எப்போது வரும் என்பது அப்பாவுக்கும் தெரியாது, வாங்கிப்போன வியாபாரிக்கும் தெரியாது. தங்கை சீமந்தத்துக்கு அடகு வைத்த அம்மாவின் வளையலை மீட்டது என் ஓவர்டைம்.

போனவர்கள் எல்லாரும் இதே காரணத்துக்குப் போனார்கள் என்றும் நினைத்துவிடாதே. நம் ஊர்க் காலனியிலிருந்து என்னோடு சைக்கிள் மிதித்து வந்தவர்களுக்கு விட்டுவிட்டு வர நிலமே இல்லை. 1891-ல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரமென்ஹீர், நிலமில்லாத தலித் மக்கள் படுகிற பாட்டை அரசாங்கத்துக்கு அறிக்கையாக எழுதினார். நம் பூந்தமல்லியும் அப்போது அந்த மாவட்டம்தான். நம் திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997-ல். அந்த அறிக்கையின் பேரில் 1892-ல் பிறந்ததுதான் பஞ்சமி நிலம். தலித் மக்களுக்கென்று, வேறு யாருக்கும் விற்கக்கூடாது என்று நிபந்தனை போட்டுக் கொடுத்த அந்த நிலமும் எவ்வளவோ கைமாறிப்போயிற்று. என் கூட்டாளிகளுக்குக் கம்பெனி கேட் என்பது, கூலி வாங்கும்போது தோளிலிருந்து துண்டை இறக்கவேண்டாத இடம். அவர்களிடம் போய், "ஏம்பா மண்ணை மறந்தீங்க" என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வரும். கிராமம் எல்லாருக்கும் ஒரே கிராமமாக இருந்ததில்லை தம்பி.

அம்பத்தூரில் 1949-ல் சைக்கிள் கம்பெனி வந்தது. 1955-ல் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிச மாதிரி சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. 1961-ல் அதே ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை, 1964-ல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை. இவற்றைத் திட்ட எனக்கு வாய் வராது, என் வீட்டு உலை கொதித்தது அந்த அடுப்பில். ஆனால் அன்றைக்கு ஊரை விட்டு ஆள்தான் போனான், நிலம் அங்கேயே கிடந்தது. இன்றைக்கு நிலம் போய்விடுகிறது, ஆள் அங்கேயே இருக்கிறான், தன் தாத்தா உழுத இடத்தில் எழும்பின அப்பார்ட்மென்ட் கேட்டில் செக்யூரிட்டி உடுப்போடு. முகப்பேரில் 'ஏரி ஸ்கீம்' என்றே ஒரு குடியிருப்பு உண்டு. எத்தனை பேர் அந்தப் பெயரைச் சொல்லி ஆட்டோ ஏறுகிறார்கள், ஒருவராவது எந்த ஏரி என்று கேட்டிருப்பார்களா?

உன் விஷயத்துக்கு வருகிறேன். உன்னைப் போட்டு அரிப்பது ஏக்கருக்கும் சதுர அடிக்கும் நடுவிலிருக்கிற கணக்கு. ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி, பதினெட்டு கிரவுண்டு. வண்டலூர் – மீஞ்சூர் வெளிவட்டச் சாலை 2014-ல் நெமிலிச்சேரி வரைக்கும் வந்தது. 2021-ல் மீதியும் திறந்துவிட்டார்கள். அன்றிலிருந்து வெள்ளவேடு, நேமம் பக்கம் வயலைப் பார்க்க வருகிறவர்கள் வரப்பில் நின்று மண்ணைப் பார்ப்பதில்லை, ரோட்டுக்கு எத்தனை அடி என்று பார்க்கிறார்கள். 2016 செப்டம்பரில் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று உயர் நீதிமன்றம் தடை போட்டபோது கொஞ்ச நாள் புரோக்கர்கள் டீக்கடையில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அவ்வளவுதான். அடுத்த வருஷமே வரன்முறை விதிகள் வந்துவிட்டன.

இதற்கு எதிரில் நெல்லை வை. 2025–26 கொள்முதலில் மாநில ஊக்கத்தொகையும் சேர்த்துச் சன்ன ரகம் குவிண்டால் 2,545 ரூபாய். ஏக்கருக்கு 20 குவிண்டால் கண்டால் நம் பக்கம் நல்ல விளைச்சல். 50,900 ரூபாய். உழவு, நாற்று, நடவு, களை, உரம், அறுப்பு மெஷின் மணிக்கணக்கு வாடகை எல்லாம் போக நிற்பதை நாலு, நாலரை மாதத்துக்கு வகுத்துப் பார். ஶ்ரீபெரும்புதூரில் நீ வாங்கின கான்ட்ராக்ட் சம்பளம் அதற்கு மேல். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று போகம் சொல்லுவார்கள். மூன்றும் எடுத்த ஆட்களை நான் பார்த்தது சின்ன வயசில். தமிழ்நாட்டில் ஒரு விவசாயிக்குச் சராசரியாக இருப்பது 0.75 ஹெக்டேர் என்று 2015–16 வேளாண் கணக்கெடுப்பு சொல்கிறது. உன் ஒன்றேகால் ஏக்கர் அதற்கும் கீழே. 2003-லேயே தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில் 100-க்கு 40 விவசாயிகள், வேறு வழி இருந்தால் இதை விட்டுவிடுவோம் என்று சொன்னார்கள். அப்பன் விட்டுவிடத் தயாராக இருக்கிறதை மகன் ஏன் பிடித்துக்கொள்வான்?

காசு ஒரு பக்கம். உங்கள் அம்மா போன மாதம் போனில் அழுதாள், அது உனக்குத் தெரியாது. மூன்று இடத்தில் பெண் கேட்டு, மூன்றிலும் ஜாதகம் பொருந்தியிருக்கிறது. "பையன் என்ன பண்றான்" என்ற கேள்வியில் நின்றுவிட்டது. தரகரே, "கம்பெனியில சூப்பர்வைசர்னு சொல்லிடட்டுமா" என்றாராம். இதில் பெண் வீட்டாரை நான் குறை சொல்லமாட்டேன். நம் வீட்டுப் பெண்கள் வயலில் நாற்று நட்டு, களை பறித்து, மாட்டுக்குத் தீனி போட்டு, வீட்டுக்கு வந்து உலை வைத்தார்கள். பட்டாவில் ஒருத்தி பெயரும் கிடையாது. அம்மாவைப் பார்த்து வளர்ந்த பெண் அதே வாழ்க்கைக்குக் கழுத்தை நீட்டுவாளா? நாளைக்கு உனக்கு வருகிறவள் உன் தோட்டத்தில் கை வைத்தால் அவள் கூலியையும் எழுது, அவள் பெயரையும் பத்திரத்தில் எழுது.

நீ நெல்லை விட்டுக் கீரைக்குப் போனது நல்ல யோசனை. ஊரில் சிலர் கேலி பண்ணுகிறார்களாம், கீரைக்காரன் என்று. பண்ணட்டும். பூந்தமல்லிக்குப் பூவிருந்தவல்லி என்று பேர் சொல்வார்கள். திருக்கச்சி நம்பிகள், ராமாநுஜரே மதித்த மகான், இந்த ஊர்க்காரர். நந்தவனம் வைத்துப் பூப் பறித்துக் காஞ்சி வரதருக்குக் கொண்டுபோவார் என்பது வைணவ மரபு. அவ்வளவு தூரம் பூ வாடாமல் எப்படிப் போயிருக்கும் என்று சின்ன வயசில் யோசித்திருக்கிறேன். ஊரின் பேரிலேயே பூ இருக்கிறது, நீ கீரை போடுவதா கேவலம்? முகப்பேரும் அம்பத்தூரும் காலைச் சமையலுக்குக் கேட்கிற சரக்கு, மதியத்துக்கு மேல் வைத்தால் வாடிவிடும். தேனியிலிருந்தோ ஓசூரிலிருந்தோ வந்து உன்னை அடிக்க முடியாது. சிறுகீரையும் முளைக்கீரையும் ஒரு மாதத்துக்குள் அறுப்புக்கு வரும். ஆக உனக்கும் ஒரு 7-ம் தேதி உண்டு. எங்கள் அப்பாவுக்கு அது இல்லை.

ஆனால் மண்டியை மட்டும் நம்பி உட்காராதே. 2020 மே மாதம் கொரோனாவுக்காகக் கோயம்பேடு காய்கறிச் சந்தையை மூடித் திருமழிசைக்குக் கொண்டுவந்தார்களே, ஞாபகம் இருக்கும். நீ அப்போது காலேஜ். நம் வாசலுக்கே சந்தை வந்துவிட்டது என்று ஊரே மகிழ்ந்தது. ஒரு மழைக்குச் சேறாகிப்போய், மூட்டையோடு மூட்டையாகத் தக்காளி மிதந்தது. செப்டம்பர் கடைசியில் சந்தை திரும்பிப் போய்விட்டது. தானாக வந்த சந்தை தானாகவே போய்விடும். நாற்பது வீட்டை நீ தேடிப் பிடி. நீ 6 ரூபாய்க்குப் போட்ட கட்டு முகப்பேர் மாடி வீட்டில் 25 ரூபாய் என்று நீயே சொன்னாய். அந்த நடுக்காசில் பாதி போதும்.

எந்தத் தண்ணீரில் வளர்ந்தது என்று அந்த வீட்டம்மா கேட்டால் முகம் சுளிக்காதே. கூவம் ஆற்றை நாம் வைத்திருக்கிற லட்சணத்துக்கு அவள் கேட்கத்தான் வேண்டும். உன் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்து அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொள்.

தண்ணீர் என்றதும் லாரி ஞாபகம் வருகிறது. செம்பரம்பாக்கம் ஏரி 24 அடி ஆழம், 3,645 மில்லியன் கன அடி. வயலுக்காக இருந்த ஏரி, பட்டணத்துக் குடிநீருக்கு என்று ஆகிவிட்டது. 2019 கோடையில் அதுவும் பூண்டி, புழல், சோழவரம் எல்லாமும் வறண்டபோது, நம் பக்கக் கிணறுகளுக்கு வரிசையாக லாரி வந்தது. பூண்டிப் பக்கம் குடிநீர் வாரியமே விவசாயக் கிணறுகளிலிருந்து காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கிய காலமும் உண்டு. என் சித்தப்பா மகன் தனியார் லாரிக்கு விற்றான். பயிர் வைத்தால் வருவதைவிட நிறைய வந்தது, நான் மறுக்கமாட்டேன். வேலை செய்யாமல் வந்தது. மூன்றாவது கோடையில் அவன் கிணற்றில் தவளைகூட இல்லை, பக்கத்து இரண்டு பேர் கிணறும் சேர்ந்து போயிற்று. அவர்கள் இவனோடு இன்றைக்கும் பேசுவதில்லை. உனக்கும் ஒருநாள் லாரிக்காரன் போன் பண்ணுவான். உன் குணத்தை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் மழை பொய்த்த வருஷம் தங்கச்சி பீஸ் கட்ட வேண்டிய வாரமாகப் பார்த்துத்தான் அந்த போன் வரும்.

அடுத்து, நீ குத்தகைக்கு எடுத்திருக்கிற பக்கத்து அரை ஏக்கர் சமாசாரம். மனை போட வாங்கிப் போட்டிருக்கிறவர் வாய்ப் பேச்சில் குத்தகைக்கு விட்டிருக்கிறார், எழுதிக் கொடுக்கமாட்டார். குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே சட்டம் இருக்கிறது. பதிந்தால் நிலம் உன்னிடமே நின்றுவிடுமோ என்ற பயத்தில்தான் எழுத மறுக்கிறார்கள். காப்பாற்ற வந்த சட்டமே தாளைக் கிடைக்காமல் பண்ணிவிட்டது. தாள் இல்லாதவன் பயிர்க்கடனுக்கு அலைய வேண்டும். வருஷம் 6,000 ரூபாய் கிசான் பணமும் பட்டாக்காரருக்குத்தான் போகும், அவர் அண்ணாநகரில் இருந்தாலும். அந்த மண்ணில் போர் போடாதே. சொட்டுநீர்க் குழாயும் வேண்டாம். ஒரு மாதத்தில் அறுத்துக் கையில் எடுத்துக்கொண்டு வரக்கூடியதை மட்டும் போடு.

குத்தம்பாக்கம் இளங்கோவைப் பற்றிக் கேட்டிருந்தாய். கெமிக்கல் இன்ஜினீயர், நல்ல உத்தியோகத்தை விட்டுவிட்டு 1996-ல் ஊருக்குத் தலைவரானவர். சாதி பார்க்காமல் ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் குடும்பங்கள் இருக்கிற இரட்டை வீடுகள் அங்கே வந்தன. அவர் சொன்னதில் எனக்குப் பிடித்தது ஒன்று: ஊர் தன் தேவைக்கு எதையெல்லாம் வெளியே வாங்குகிறது, அதில் எதை இங்கேயே செய்யலாம் என்று எண்ணிப் பார்க்கச் சொன்னது. சோப்பு, எண்ணெய், பருப்பு உடைப்பது. அதாவது ஊரில் இளசுகள் தங்க வேண்டுமென்றால் எல்லாரும் ஏர் பிடிக்க வேண்டியதில்லை. பத்துப் பேர் பயிர் வைத்தால் பத்துப் பேருக்கு ஊரிலேயே வேறு தொழில் வேண்டும், அப்போதுதான் சாயங்காலம் டீக்கடையில் உன்னோடு பேச உன் வயசில் ஆள் இருக்கும். நீ தனியாக இருக்கிறாய் என்பது உன் குரலிலேயே தெரிகிறது. இப்போது அந்தக் குத்தம்பாக்கத்தில் சென்னைக்கான பேருந்து நிலையம் எழுந்து நிற்கிறது. அங்கே வருகிற கூட்டத்துக்குக் கீரை விற்பாயா, சுற்றியிருக்கிற விலையேற்றத்தில் நிலத்தை விற்பாயா என்பது உன் கையில்தான் இருக்கிறது.

முடிவு சொல்லச் சொன்னாய். ஒரு நோட்டுப் போடு. விதை, உரம், டீசல் எல்லாவற்றோடும் உன் கூலியையும் நாள் கூலி விலையில் எழுது. நம் ஆட்கள் எழுதாமல் விட்டது அது ஒன்றுதான். அதனால்தான் நஷ்டம் என்பதே ஐந்து வருஷம் கழித்துத் தெரிந்தது. மூன்று வருஷம் எழுது. அதுவரை சதுர அடி விலையை யார் சொன்னாலும் காதில் வாங்காதே. இரண்டு அளவுகோலையும் ஒரே பையில் வைத்துக்கொண்டிருக்கிறவன், விவசாயம் பண்ணுவதாக நினைத்துக்கொண்டு விலைக்குக் காவல் இருக்கிறான். மூன்று வருஷம் எழுதியும் உன் கூலி தேறவில்லை என்றால் போ, வெட்கப்படாமல் போ. நான் போனபோது அப்பா நாலு மாதம் பேசவில்லை. உன் அப்பா அப்படி இருந்தால் நான் வந்து பேசுகிறேன். நிலத்தை மட்டும் உடனே விற்காதே, கொஞ்ச நாள் கரம்பாகக் கிடக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆவடியிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருகிறேன். மோட்டார் சத்தத்தில் ஒரு கரகரப்புக் கேட்டது, பேரிங் போயிருக்கும். ஸ்பேனர் செட்டை நானே எடுத்து வருகிறேன். பெரியம்மாவுக்குப் புளிச்சக்கீரை நாலு கட்டு எடுத்து வை. விலையைச் சொல்லிவிடு. "உங்ககிட்ட என்ன பெரியப்பா காசு" என்று ஆரம்பித்தால் எடுக்கமாட்டேன், அந்த நாலு கட்டும் நோட்டில் ஏறவேண்டும்.

அன்புடன்,
பெரியப்பா